பக்கத்து நாற்காலி

“படியில பிடிச்சு ஏத்துதது யாருட்டி? நீயா? அவிய மூட்டு...” என்றாள் அக்காள்.

“மூட்டு மூட்டுன்னே சொல்லிக்கிட்டு இரு. மைக்கக் கையில குடுத்தா அத்தான் என்னத்த...”

“என்னத்தையாவது பேசுவாவ. மூட்டுவலி வாயிலயா இருக்கு?”

“பேசுவாவ, தப்புத்தப்பா பேசுவாவ. அன்னைக்கு டீவிக்காரன் வந்து கேட்டப்ப, செமிஃபைனல ஃபைனல்னு சொன்னாவளா இல்லையா? நான் பக்கத்துல இருந்தா எடுத்துக் குடுப்பேன்.”

மேசை மேல் இரண்டு அட்டைகள். கழுத்தில் மாட்டிக்கொள்ள நீலக் கயிறு.

ஒன்றில் அவர் பெயர்.

மற்றதில் ‘உடன் வருபவர்’.

அதன் மேல் அக்காள் கையை வைத்திருந்தாள். தங்கை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கார் வந்துவிடும். திருநெல்வேலியில் வாலிபால் லீக்கின் முதல் ஆட்டம். அது தொடங்குமுன், பழைய ஆட்டக்காரரான அவருக்குப் பொன்னாடை.

“இப்ப ஆடுததெல்லாம் ஏலத்துல எடுத்த பயலுவ,” என்றாள் தங்கை. “லைட்டு என்ன, மரத்தரை என்ன, விழுந்தா தூக்க டாக்டர் என்ன! அத்தான் செம்மண்ணுல வெறுங்காலோட எகிறுனாவ. அந்த ஒசரம் ஒரு பய எகிறட்டும், பாப்போம்.”

அக்காளுக்கு அந்த உயரம் தெரியாது.

அவள் பெரியவளானதும் மைதானத்துக்குக் கூட்டிப்போவதை அப்பா நிறுத்திவிட்டார். ஊர் அணிக்கு அவர்தான் செயலாளர். தங்கை சின்னவள். சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து போனாள்.

அக்காள் வீட்டில் இருந்தபடி பனியன்களில் நம்பர் தைத்தாள். யாருடைய முதுகுக்கு என்று தெரியாது.

சாயங்காலங்களில் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஓவென்று சத்தம் வரும். யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்தபடி உலையில் அரிசியைப் போடுவாள்.

அந்த யாரோவுக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

கல்யாணமான கையோடு அவருக்குத் துறைமுகத்தில் வேலை. துறைமுக அணிக்கு ஆட வேண்டும். ஆட்டமெல்லாம் வெளியூரில். வீட்டுக்கு வந்தவை பரிசாகக் கொடுத்த சுவர்க்கடிகாரங்கள்.

பிறகு மூட்டுவலி வந்தது.

அது வீட்டிலேயே தங்கிவிட்டது.

“நாப்பது வருசமா தைலம் தேய்க்கேன். அந்தக் கால்ல எந்த நரம்பு எங்கன ஓடுதுன்னு கேளு, சொல்லுதேன்.”

“ஆமா. தேஞ்சுபோன காலைத்தான் உனக்குத் தெரியும்.”

சொன்ன பிறகு தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அறைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“கனி... அந்தக் கடைசிப் பாயின்ட், நான் எந்தப் பக்கம் நின்னு அடிச்சேன்? நீ பாத்தல்லா?”

எப்போதும் அந்தக் கேள்விதான். டீவியில் ஆட்டம் ஓடும்போதெல்லாம் அவர் தங்கையின் பக்கம் திரும்புவார். நீ பாத்தல்லா? ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்து சிரிப்பார்கள். அக்காள் காப்பியோடு வந்து நிற்பாள்.

வாங்கிக்கொள்ளக் கைகள் நீளும். முகங்கள் திரும்பாது.

“இடது பக்கம், அத்தான்,” என்றாள் தங்கை. “தடுக்க மூணு பேரு எந்திச்சானுவ. மூணு பேரு கைக்கும் மேல போயிட்டிய. அங்கனயே ஒரு செத்த நேரம் நின்னிய.”

அவள் பார்வை மேலே போயிற்று. எதையோ கண்டு அங்கேயே நின்றது.

அக்காளும் நிமிர்ந்து பார்த்தாள்.

மின்விசிறி.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். லீக்காரர்கள் அனுப்பிய சட்டை. முதுகில் அவர் பெயர். சுருக்கத்தை நீவிவிடப் போன அக்காளின் விரல்கள் எழுத்துகளின் ஓரத்தில் தையலைத் தேடின.

தையல் இல்லை. அச்சு.

தன் அட்டையை மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார். யார் வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. டிரைவர் ஓடி வந்து கையைக் கொடுத்தான்.

மேசை மேல் ஒரு அட்டை மிச்சமிருந்தது.

“எடுத்துக்க,” என்றாள் தங்கை. “எப்பவும் நீதான எடுத்துக்கிட்ட.”

அக்காள் எடுத்துக்கொண்டாள். தலை வழியாகக் கயிற்றை மாட்டினாள். கொண்டையில் சிக்கிற்று. தங்கை எழுந்து வரவில்லை. அவளே இழுத்துச் சரிசெய்துகொண்டாள். மாத்திரைப் பையை எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

வாசல் வரை போனாள்.

காரின் பின்கதவு திறந்திருந்தது. அவர் ஏறி, காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்தாள். தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். காருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“ஏட்டி கனி, அங்க எல்லாரும் எந்திச்சு நின்னு கை தட்டுவாவ. அப்ப நான் என்னத்த நெனச்சுத் தட்டுவேன்?”