முதல் வரி

“இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா” என்று தாளை நீட்டினார் தட்டச்சர்.

மொழிபெயர்ப்பாளர் தலை நிமிரவில்லை. அவள் மேஜை நிறையப் போர்க்கைதிகளின் கடிதங்கள். மாலைக்குள் இரு நாட்டுக் குழுவின் கைக்குப் போயாக வேண்டும்.

“என்னண்ணே அது?”

“இந்த ஒப்பந்தமே வேண்டாம்னு மனு. நம்ம ஆளுங்க நூத்திப் பன்னெண்டு பேரை எதிரி பிடிச்சு வச்சிருக்கான். நோயாளிகளை மட்டும் விடுவானாம். டாக்டரையும் உள்ள விடமாட்டானாம். கடுதாசியைப் படிச்சே நோயைக் கண்டுபிடிக்கணுமாம்! ஒரு பொய் சிக்கினாலும் மொத்தமும் ரத்தாம். இது ஒப்பந்தமா, கேலிக்கூத்தா?”

“கேலிக்கூத்துதான்.”

“அப்ப போடு கையெழுத்தை.”

“இதுவும் இல்லேன்னா யாருண்ணே திரும்பி வருவாங்க?”

“ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையாக்கும்!”

“அந்தப் பூவும் வேண்டாம்னு சொல்ல, நாம உள்ள இல்லையே.”

தட்டச்சருக்குச் சுருக்கென்றது. அவள் கணவனும் அந்தச் சிறையில்தான் இருக்கிறான்.

“புரியுதும்மா. உன் வீட்டுக்காரர் கடுதாசியும் உன் கைக்குத்தானே வருது. பரிமாறுறவ நம்மவளா இருந்தா, கடைசிப் பந்தின்னா என்ன!”

அவள் முடித்த கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“தட்டச்சுப் பண்ணிடுங்கண்ணே. நேரமாகுது.”

தட்டத் தொடங்கினார். எல்லாக் கடிதங்களுக்கும் ஒரே முதல் வரி: ‘நலம். நலமறிய ஆவல்.’ ரத்தமாக இருமுகிறவனும் அப்படித்தான் தொடங்கியிருந்தான். இருமலைப் பற்றி எட்டாவது வரியில்தான் சொல்லியிருந்தான்.

உடம்புக்கு முடியாதவர்களின் கடிதங்களுக்கு அடியில் அவள் குறிப்பு எழுதியிருந்தாள்: ‘முதல் வரி எங்கள் மொழியின் கடித வழக்கம். இவர் நலமாக இருக்கிறார் என்று பொருளல்ல.’

அந்தக் குறிப்பு இல்லையென்றால், ‘நலம்’ என்பதைப் பார்த்ததுமே குழு கடிதத்தை ஒதுக்கிவிடும். தட்டச்சருக்கும் அது புரிந்தது.

கடைசிக் கடிதம் அவள் கணவனுடையது. அதற்கு அடியிலும் ஒரு குறிப்பு.

“நினைச்சேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே படித்தார்.

‘முதல் வரி உண்மை. இவருக்கு எந்த நோயும் இல்லை.’

அவர் விரல்கள் நின்றன. மனுவை மெல்ல இழுத்து மடித்துக்கொண்டார்.

“ஏம்மா…”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பாழாப்போன மனுஷன், ஒரு தும்மல்கூடப் போடலையேண்ணே.”