ஞாயிற்றுக்கிழமை வலி

பூசை பாதிக்கு வந்த பிறகுதான் ஃப்ரெடி மாதா கோவிலின் பக்கவாசலில் வந்து நின்றான்.

வெளியே நின்றே பூசை காணும் ஆண்கள் சிலர் அங்கே எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டால் உள்ளேயிருந்து பார்ப்பவர்களுக்கு முகம் தெரியாது.

அவன் வந்தது பூசைக்கு அல்ல. அம்மாவைக் கையும் களவுமாகப் பிடிக்க.

வாசலை ஒட்டிய பெஞ்சில் அம்மா பிலோமினா உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே அவன் மனைவி ரேச்சல், வெள்ளை முக்காட்டோடு. பேசவே கூடாது என்று அவன் சொல்லியும் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவின் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் என்ன இருக்கிறது என்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டும்.

ரேச்சலின் வயிற்றுக்குக் கோதுமை ஆகாது. சீலியாக் என்றார் டாக்டர். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும் என்றார். அன்றைக்கே ஃப்ரெடி வீட்டிலிருந்த மைதா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தூக்கிப் போட்டான். அவளுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனித் தட்டு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் தனி டிபன் பாக்ஸ். டீக்கடையில் பன் தின்றுவிட்டு வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவாமல் அவளைத் தொடமாட்டான்.

வாரம் முழுக்க நன்றாகத்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் வலி வந்துவிடும்.

சாதாரண வலி அல்ல. முழங்கால் மார்பில் முட்டச் சுருண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவனுக்குக் கிடைக்கும் ஒரே லீவு நாள், வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைப்பதிலேயே போயிற்று.

அதென்ன, ஞாயிற்றுக்கிழமை மட்டும்?

முதலில் மசாலாப் பொட்டலங்களைச் சந்தேகப்பட்டான். பிறகு மாவு மில்லை. பிறகு ரேச்சலையே. அவள் குளிக்கப் போன நேரம் கைப்பையைத் திறந்து, பரோட்டா கட்டிய காகிதம் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தான். கடைசியில் சந்தேகம் அம்மாவிடம் வந்து நின்றது. அடுத்த தெருவில் இருக்கும் அம்மாவோடுதான் ரேச்சல் பூசைக்குப் போவாள். அம்மா இந்த நோயை நம்பியதே இல்லை. "கோதும துன்னா வயித்து வலியா? எந்த ஊர்ல கீது இந்த சீக்கு?" என்று டாக்டரையே கிண்டல் செய்தவள்.

போன ஞாயிறு, வலி தாங்காமல் ரேச்சலே சொல்லிவிட்டாள். அத்தை கொடுத்த கேக்கில் ஒரு வாய் தின்றேன் என்று.

அப்படியே எழுந்து போய், அம்மா வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். இனி என் வீட்டுப் படி ஏறாதே என்றான். மீன் அரிந்துகொண்டிருந்த கையோடு அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

உள்ளே மணி அடித்தது. ஃபாதர் கையால் நன்மை வாங்க, பீடத்தை நோக்கி வரிசை நகரத் தொடங்கியது.

ரேச்சல் எழுந்தாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ரேச்சல் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

முன்னால் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி, பின்னால் ஒரு டீச்சர், நடுவில் அவள். எல்லோரையும் போலக் கைகூப்பி, எல்லோரையும் போல ஒவ்வோர் அடியாக. அந்த முகம் அப்படித் தெளிந்திருந்து ஃப்ரெடி பார்த்து வெகுநாளாயிற்று. ஃபாதர் வெள்ளை அப்பத்தை எடுத்து அவள் நாவில் வைத்தார்.

அப்பம். கோதுமை அப்பம்.

வீட்டில் அத்தனை டப்பாவையும் கவிழ்த்துத் தேடியவனுக்கு, சின்ன வயதிலிருந்து தெரிந்த இது மட்டும் தோன்றவே இல்லை.

ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கென்று தனியாக ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்.

தனியாக.

அந்தச் சொல்லைத் தாண்டி அவனால் யோசிக்க முடியவில்லை.

ரேச்சல் திரும்பி வந்து முழந்தாளிட்டாள். அம்மா துணிப்பையைத் திறந்து, ஒரு சின்ன ஃப்ளாஸ்க்கையும் வயிற்றுவலி மாத்திரையையும் எடுத்து அவள் கைப்பைக்குள் திணித்தாள். பாட்டு ஓய்ந்து கோவில் அமைதியானது. அம்மா கிசுகிசுத்தது பக்கவாசல் வரை கேட்டது.

"இன்னிக்கும் கேட்டான்னா, அத்த கேக்கு குட்த்துச்சுன்னே சொல்லிடு. எம்மேல முன்னயே கோவமாத்தான கீறான். இன்னும் ரெண்டு கத்து கத்திட்டுப் போட்டும்."

ரேச்சலின் தோள் குலுங்கியது. அம்மா அவள் முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள்.

உள்ளே போக எடுத்துவைத்த காலை ஃப்ரெடி பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பைக்கை ஸ்டார்ட் செய்யாமல், கல்மண்டபம் ரோட்டில் திரும்பும் வரை தள்ளிக்கொண்டே போனான்.

மதியம் வலி வந்தது. வெந்நீர்ப் பையை அவள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாளைக்கு ஃபாதரைப் போய்ப் பார்க்க வேண்டும். என்னவென்று கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

என்ன சாப்பிட்டாய் என்று அவன் கேட்காததே அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அவளே ஆரம்பித்தாள்.

"அத்த வந்து..."

"கேக்கு குட்த்துச்சு, அதான?" என்றான் ஃப்ரெடி. "சரி. பேசாத. படு."