முதுகில் ஓர் ஊர்

பெரிய கப்பல்களைக் கரை சேர்ப்பதுதான் பொன்னாத்தா என்ற குட்டி இழுவைப்படகின் வேலை. எதையாவது கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். அன்று ஒரு சரக்குக் கப்பலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே கேட்டாள்:

"அண்ணாச்சி, உங்களுக்கு எந்த ஊரு?"

"மொலூனா. முதுகுல எழுதியிருக்கும், பாரு. எங்க மொலூனாக் காத்து மாதிரி உலகத்துலயே கிடையாது. அந்த ஊருக்காக உசிரையே குடுப்பேன்."

"எப்போ கடைசியாப் போனீங்க?"

"போனதே இல்ல. ஆனா பதிவு அங்கதான்; பதிவு எங்கயோ, அதான் கப்பலுக்குச் சொந்த ஊரு."

பொன்னாத்தா அண்ணாந்து பார்த்தாள். பழைய எழுத்தை அழித்துவிட்டு, புதுப் பெயின்டில் வேறு ஊர்ப் பெயர் எழுதியிருந்தார்கள். சொல்லலாமா, வேண்டாமா? வாய் சும்மா இருக்கவில்லை.

"'வரிந்தா'ன்னு போட்டிருக்கே, அண்ணாச்சி!"

கப்பல் திடுக்கிட்டது. "அதான் போன மாசம் முதலாளி மாறினப்போ முதுகு குறுகுறுன்னுச்சா?"

அநியாயமாக ஒரு மனசை உடைத்துவிட்டோமே என்று பொன்னாத்தா பதறிப்போனாள்.

கரை நெருங்கியதும் கப்பல் கம்பீரமாகச் சங்கு ஊதியது.

"எங்க வரிந்தாக் காத்து இருக்கே, தங்கச்சி, அதைப் பார்த்து மொலூனாக்காரனுங்க வயிறெரிவானுங்க!"