ஷட்டர் தூக்கிட்டாங்க

"ஷட்டரத் தூக்கிட்டாங்க ஜெகா. எறங்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் பங்காரு போனை வைத்தான்.

ஜெகநாதன் செல்லைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கழற்றி வைத்திருந்த செயினை மறுபடி டீசலில் கழுவ ஆரம்பித்தான். அரக்கோணம் ரோட்டில் இருந்த அவனுடைய மெக்கானிக் கடையில் அப்போது வேறு யாரும் இல்லை.

பங்காரு, ஆந்திரா பக்கத்து அணைக்குக் கீழே டீக்கடை வைத்திருப்பவன். அவன் சொல்வதை வைத்துத்தான் ஜெகநாதனும் அவன் 'பாவா' என்று கூப்பிடும் அக்கா புருஷன் சந்திரமோகனும் கொசஸ்தலை ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவார்கள். திறந்துவிட்ட தண்ணீர் வடிந்து இடுப்பளவுக்கு வந்ததும், தடுப்பணைக்குக் கீழே இறங்கி நின்று வலை வீசினால் கெண்டையும் கெளுத்தியும் கூடை நிறையும்.

மறுபடி ஷட்டர் தூக்கிய சேதி யார் காதில் விழுந்தாலும், அடுத்தவனுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் அது தவறியதே இல்லை.

இன்றைக்குப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் நேற்று சாயந்திரம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அத்தனை பேர் எதிரே சந்திரமோகன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்க மச்சான் மீனத்தான் புடிப்பான். பொண்டாட்டியப் புடிச்சு வெச்சுக்கத் தெரியாது."

ஆடிக்கு அம்மையார்குப்பத்துத் தாய்வீட்டுக்குப் போன அவன் பொண்டாட்டி நிர்மலா, ஐப்பசி பிறந்தும் திரும்பவில்லை. ஜெகநாதன் பாவாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். வீட்டுக்கு வந்ததும் அவன் நம்பரை பிளாக் பண்ணினான்.

'சண்டைன்னாலும் மீன விடமாட்டான். தனியாவே எறங்கியிருப்பான். எறங்கட்டும். வலைய வெள்ளம் அடிச்சுகினு போவட்டும். நாலு மடக்குத் தண்ணி குடிச்சாத்தான் வாய்க்கொழுப்பு அடங்கும். நீச்சல் தெரிஞ்சவன்தானே?'

செயினை மாட்டினான். சரியாக உட்காரவில்லை. கழற்றினான்.

செல் அடித்தது. அக்கா அனுசுயா.

"ஜெகா, உங்க பாவா உன்கூடவா இருக்காரு? இப்பதான் வண்டிய எடுத்துகினு ஓடுனாரு. எங்கன்னு கேட்டா ஆத்துக்குன்றாரு. வலையக்கூட எடுத்துகினு போவல."

"ஆங்... நானும் அங்கதாங்க்கா போறேன்."

"அப்ப சரி. ஆத்துல தண்ணி வருமோன்னு பயந்துகினே இருந்தேன். நீ கூட இருந்தா எனக்குக் கவலையில்ல."

போனை வைத்ததும் ஜெகநாதன் செயினைத் தரையில் போட்டான். பிளாக்கை எடுத்துவிட்டு சந்திரமோகனைக் கூப்பிட்டான். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். எடுக்கவில்லை. கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு வண்டியை முறுக்கினான்.

ஆறு செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கிய செடிகள் தடுப்பணையில் மோதிப் புரண்டன. கரையில் சந்திரமோகனுடைய வண்டி மட்டும் நின்றிருந்தது. அதன் டேங்க் கவருக்குள் செல் கிடந்தது.

"பாவா! பாவா!"

அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? அவன் யோசிக்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். முழங்கால் நனைவதற்குள் காலுக்கடியில் மணல் சரிந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் தள்ளியது.

சந்திரமோகன்! வேலிமுள் கிழித்த சட்டை. கரை நெடுகக் கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"என்ன அடி பாவா," என்று ஜெகநாதன் அழுதான். "பங்காரு எனக்குப் போன் பண்ணான். நீ தண்ணியில நிப்பேன்னு நெனச்சுகினே சொல்லாம இருந்துட்டேன். அக்கா கேட்டப்பகூட சொல்லல. நல்லா அடி."

சந்திரமோகன் கையை ஓங்கவில்லை. திட்டவும் இல்லை. மச்சானின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பாவா பேசமாட்டேன்ற? ஏதாவது சொல்லேன்."

சந்திரமோகன் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தான்.

"எனக்கு விடியறப்பவே சொல்லிட்டான், மச்சான். நானுந்தான் ஒனக்குச் சொல்லல."