ஏழு தங்கமா, வெறுங்காலா?

எழுபதுகளில் ஒரு காலை. அவனியாபுரம் ரேஷன் கடை இன்னும் திறக்கவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் உக்கிரபாண்டிதான் முதல் ஆள். விடியற்காலையே டின்னோடு வந்து நின்றவர்.

வரிசையின் கடைசியில் நின்ற சுடலை அங்கிருந்தே கேட்டான்.

"அண்ணே, ஒலிம்பிக்ல இதுவரைக்கும் ஜெயிச்சவங்கள்ல பெரிய வீரன் யாரு?"

"இதென்னடா கேள்வி? ஒரே ஒலிம்பிக்ல ஏழு தங்கம் வாங்குன நீச்சல்காரன்தான்."

இரண்டாவதாக நின்ற பேயாண்டி விடவில்லை. "வெறுங்கால்ல மாரத்தான் ஓடி ஜெயிச்சானே, அவன் எங்க போனான் மாப்ள?"

பேப்பரை வரி விடாமல் படிக்கிற உக்கிரபாண்டிக்கு ரத்தம் கொதித்தது.

"பதக்கத்தை எண்ணிப் பாரு."

"தண்ணியில போறவனுக்கு முள்ளு குத்துமா?"

ஆளாளுக்குக் கட்சி சேர்ந்தார்கள். வெயில் ஏறியதும் வாதம் வேப்பமரத்தடிக்கு நகர்ந்தது. டின்னும் கையுமாக வரிசையும் பின்னாலேயே போய் வட்டமாக நின்றது.

தொண்டை கட்டப் பேசி, ஒரு வழியாகப் பேயாண்டியைத் தலையாட்ட வைத்துவிட்டு உக்கிரபாண்டி திரும்பினார். கடை திறந்திருந்தது. புதிதாக வந்த ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். நிறைந்த டின்னோடு சுடலை எதிரே வந்தான்.

"டேய், நீ கடைசியிலல்ல நின்ன?"

"ஆமாண்ணே. ஓடாம, நீந்தாம, கடைசியில இருந்து மொதல்ல வந்துட்டேன். என்னைய எதுல சேப்பீக?"

உக்கிரபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதம் சர்க்கரை வரிசையில் ஹாக்கியைப் பற்றிக் கேட்டவனும் இவன்தான். அன்றிலிருந்து அவர் வீட்டில் கருப்பட்டிக் காப்பி.