காலியாக விட்ட முதல் அடி

வலது தோள் நெருப்பாய் எரிந்தது. முந்தின நாள் முழுக்கத் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கியிருந்தேன். அந்தத் தோளோடுதான் ஸ்டுடியோவில் காங்கா மேளத்தின் முன் உட்கார்ந்தேன். ஜப்பானிலிருந்து வந்த கித்தார்காரி மிசாகி, கியூபா தாளத்தில் ஒரு ஆல்பம் பதிவு செய்துகொண்டிருந்தாள். வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். சர்ச் பேண்டில் வாசிக்கிற என்னை அழைத்திருந்தார்கள்.

மிசாகி மூன்று முறை கையைத் தூக்கி என் வாசிப்பை நிறுத்தினாள். அவள் சொன்னதைச் சவுண்ட் இன்ஜினியர் தமிழில் சொன்னார்.

"அண்ணே, தாளத்துல ஒவ்வொரு சுத்துலயும் முதல் அடியைக் காலியா விடணுமாம். நீங்க அதுலயே போய் விழுறீங்களாம்."

"முதல் அடி இல்லாம பாட்டு எதுமேல நிக்கும்?"

"அதை அவங்க பாத்துக்கறாங்களாம். இன்னொரு தடவை தப்பா வந்தா மெஷின் தாளம் போட்டுக்குவாங்களாம்."

மெஷினா? சுருக்கென்றது. துறைமுகத்தில் இரண்டு பேர் ஆட்டி எறியும் மூட்டைக்கு அவசரப்பட்டுத் தோள் கொடுத்தால் எலும்பு போய்விடும். அது வந்து சேரும்வரை சும்மா நிற்க வேண்டும். முதல் அடியில் மேளத்தைத் தொடாமல் அப்படி நின்றேன். அந்தக் காலி இடத்தில் அவள் கித்தார் வந்து விழுந்தது. நான் தாங்கினேன். முடிந்ததும் எழுந்து நின்று எனக்குத் தலை வணங்கினாள்.

ஆல்பம் வெளிவந்தது; அதன் ஐந்தாவது பாட்டில் கேட்கும் மேளம் என் கைகளுடையது. துறைமுக ஷெட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

"உன் பேச்சு மாதிரியே தலையும் இல்ல, வாலும் இல்லடா" என்றான் பெனடிக்ட். பிறகு மறுபடி போடச் சொன்னான். பதிவு நாளன்று, தன் ஓய்வு நாளை விட்டுவிட்டு என் இடத்தில் நின்று மூட்டை தூக்கியவன் அவன்தான். அவனுக்கு நான் தரவேண்டிய ஒரு நாள் உழைப்பு இன்னும் பாக்கி.