கூப்பிட்டால் வராத ஜுரம்

“இன்னுமா உங்களுக்கு ஜுரம் வரல?”

தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் டீச்சரம்மா. வீட்டுப்பாடம் எழுதாதவனை நிற்க வைத்துக் கேட்கும் அதே குரல்.

கட்டிலில் கிடந்த கணவர், பஸ் டிரைவர், அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். “நான் என்னடீ பண்றது? வந்தா வேண்டாம்னா சொல்றேன்?”

“எங்க அண்ணன் வீட்ல விசேஷம்னா டாண்ணு வந்துரும். டிப்போல லீவு வேணும்னா வரும். இப்ப உயிர் போற நேரத்துல மட்டும் வராதா?”

வயிற்றில் கட்டி. ஆபரேஷன், மருந்து எல்லாம் பார்த்தாயிற்று, எதற்கும் மசியவில்லை. கடைசியாகப் பெரிய டாக்டர் ஓர் ஊசி போட்டார். அதில் இருந்தது கிருமி! ஆய்வுக்கூடத்தில் பல்லைப் பிடுங்கி, புது வேலை கற்றுக் கொடுத்து வளர்த்த கிருமியாம்.

“அது கட்டிக்குள்ள போய் உக்காந்துக்கிட்டுக் கூப்பாடு போடும்மா. தூங்கிட்டிருக்கிற எதிர்ப்புச் சக்தி முழிச்சுக்கிட்டு வந்து கட்டியை அடிக்கும். முழிச்சதுக்கு அடையாளம்தான் ஜுரம். வந்த உடனே கூட்டிட்டு வாங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள வரலைன்னா...” டாக்டர் மீதியைச் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

உயிருள்ள கிருமி, கையுறை இல்லாமல் அவரைத் தொடக்கூடாது என்று நர்ஸ் வேறு மிரட்டி அனுப்பியிருந்தாள். காலையிலிருந்து ரப்பர் உறைக்குள் டீச்சரம்மாவின் கை வெந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. அண்ணன்.

“வந்துடுச்சாம்மா?”

“எங்கண்ணா வருது! போன் பண்ணா வாசல்ல வந்து நிக்கிறதுக்கு அது என்ன டாக்ஸியா? சும்மா சும்மா கேட்டு உசிரை வாங்காதே!”

போனை வைத்ததும் கணவர் சொன்னார்: “என் உடம்புக்குள்ள வந்த கிருமியும் என்னை மாதிரியே சோம்பேறி ஆயிடுச்சோ என்னவோ.”

“சிரிப்பு வரல. வாயை மூடுங்க.”

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். திரும்பி வந்தபோது அவர் முகத்தையே பார்த்தார். “அழுதியா?”

“எனக்கு வேற வேலை இல்ல பாருங்க!” தெர்மாமீட்டரை அவர் கையில் திணித்துவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

இறங்கி வந்தபோது அவர் கழுத்துவரை போர்த்தியிருந்தார். தெர்மாமீட்டரை நீட்டினார். நூற்றிரண்டு.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “அண்ணா, வந்துடுச்சு! வண்டியை எடு!” என்று போனில் அலறினாள். “எழுந்திரிங்க, கிளம்பலாம்” என்று போர்வையை இழுத்தாள்.

அவர் அக்குளுக்கடியில் வெந்நீர்ப் பை.

டீச்சரம்மா பையையே முறைத்தாள். அண்ணன் வீட்டு விசேஷங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன.

“அப்போ... இத்தனை வருஷமும் வந்த ஜுரமெல்லாம் இதுதானா?”

“அதெல்லாம் இதுதான். ஒத்துக்கறேன். ஆனா...”

“ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம்! என்னை ஏமாத்தலாம், டாக்டரை ஏமாத்தலாம். கட்டியை ஏமாத்த முடியுமா? நீங்க போயிட்டா நான் இந்த வீட்ல யாரோட சண்டை போடுவேன்?”

பையைப் பிடுங்கி ஆத்திரத்தோடு சுவரில் அடித்தாள். அது சத்தமில்லாமல் மடிந்து விழுந்தது. மூடிகூடப் போட்டிருக்கவில்லை, ஆனாலும் சுவரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“நீ அழுததைக் கேட்டு மனசு தாங்கல. ஒரு ராத்திரியாவது நிம்மதியா தூங்குவியேன்னு கட்டிலுக்கடியில இருந்த பையை எடுத்தேன்.” அவர் பற்கள் தந்தியடித்தன. “வெந்நீர் வைக்கலாம்னா எழுந்திரிக்கவே முடியல. அந்தப் போர்வையைக் குடுடீ, குளிருது.”

நர்ஸ் சொன்னதையெல்லாம் மறந்து, கையுறையை உருவி எறிந்துவிட்டு, அவர் நெற்றியில் வெறுங்கையை வைத்தாள் டீச்சரம்மா. அனலாய்க் கொதித்தது.